உதைக்காத தோட்டா

கொலு வீட்டில் சுண்டல் வாங்கக் குனிந்தபோதுதான் மாட்டிக்கொண்டேன்.

ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் சாந்தா ஆன்ட்டியின் வீடு. ஹாலில் படிப்படியாகப் பொம்மைகள், கீழே கார்ப்பெட்டில் நாங்கள் பத்துப் பதினைந்து பெண்கள். நல்ல பட்டுப்புடவை கட்டி, ஊரில் தைத்த பழைய ரவிக்கையைப் போட்டிருந்தேன். நடுவில் இளைத்திருந்தேன் போலிருக்கிறது. குனிந்ததும் கழுத்துப் பக்கம் சரிந்துவிட்டது.

வலது தோளில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப் போயிருந்தது. நடுவில் கருநீலம், ஓரமெல்லாம் மஞ்சள்.

“என்னம்மா மல்லிகா இது? யாரு அடிச்சா?” என்றார் ஆன்ட்டி, சுண்டல் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே.

“யாரும் அடிக்கல ஆன்ட்டி. இடிச்சுக்கிட்டேன்.”

வேறு யார் தோளிலாவது அந்தக் காயம் இருந்திருந்தால் எல்லோரும் அவள் புருஷனைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். என் புருஷனோ அந்தியூரில் இருந்தார். அதனால் சந்தேகம் இன்னும் சுவாரசியமாகப் போயிற்று. புருஷன் இல்லாத வீட்டில் இவளை யார் அடிப்பது? ஒருத்தி என் முகத்தைப் பார்த்தாள், ஒருத்தி பார்க்காத மாதிரி பார்த்தாள். நான் சுண்டலை வாயில் போட்டு மென்றேன். அதற்குமேல் பேசாமல் இருக்க அதுதான் வழி.

அடித்தது துப்பாக்கி. அதை அங்கே சொல்ல முடியாது. சொன்னால் அடுத்த வாரமே அந்தியூருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அவருக்காகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒரே ரகசியம் அதுதான்.

முதலில் கார்டு, பிறகு கல்யாணம்

இந்தத் தொடரை இடையில் படிக்க வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் அப்போது ஹூஸ்டனில் ஒரு ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர். படிக்க வந்து, வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தங்கியவள். தொண்ணூறுகள் நடந்துகொண்டிருந்தன.

எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் வரிசைப்படிதான் செய்வார்கள். “கிரீன் கார்டு வரட்டும், அப்புறம் மாப்பிள்ளை பார்க்கலாம். பொண்ணுக்கு ஒரு மதிப்பு இருக்கும்” என்றார் அப்பா. மதிப்பு வந்தது. கார்டும் வந்தது. குமாரசாமி என்ற நல்ல மனிதரும் வந்தார். ஊரைக் கூட்டிக் கல்யாணம் நடந்தது.

அதன் பிறகுதான் வக்கீல் ஒருவர் எங்கள் தலையில் கல்லைப் போட்டார். தற்காலிக விசாவில் இருப்பவன் கல்யாணம் செய்தால் மனைவியைக் கையோடு கூட்டி வரலாமாம். கார்டு வாங்கிவிட்டுக் கல்யாணம் செய்தால் வரிசையில் நிற்க வேண்டுமாம், வருஷக்கணக்கில். சும்மா பார்த்துவிட்டுப் போகவும் விசா தர மாட்டார்களாம். வந்தால் திரும்ப மாட்டான் என்ற பயம் அவர்களுக்கு.

என் கூடப் படித்த முரளி, கார்டு கீர்டு ஒன்றும் இல்லாமல், ஊருக்குப் போய்த் தாலி கட்டி, மனைவியோடும் ரெண்டு ஊறுகாய் பாட்டிலோடும் திரும்பி வந்தான். மதிப்பான நான் தனியாக இட்லி சுட்டுத் தின்றேன். நம் ஆட்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். எனக்கு அப்பா மேல் வந்த கோபம் இன்றைக்கும் முழுசாக அடங்கவில்லை.

கல்யாணமான கையோடு ஒரு மாதம்கூட முழுதாகச் சேர்ந்து இருக்கவில்லை. அடுத்த வருஷம் லீவில் போய்ச் சில வாரங்கள் இருந்துவிட்டு வந்தேன். அதற்குள் எனக்குக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் காலம் நெருங்கியது. அது கிடைத்துவிட்டால் அவர் வரிசையில் நிற்கவே வேண்டாம். “இன்டர்வியூவுக்கு எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள், ஊரை விட்டு நகராதே” என்றார் அதே வக்கீல். நானும் நகரவில்லை.

அவருடைய ஒரு ஆசை

அவர்கள் தோட்டம் மலையடிவாரத்தில். நிலக்கடலையும் மஞ்சளும் போட்டால் காட்டுப்பன்றி வந்து உழுதுவிட்டுப் போகும். அதற்காக லைசன்ஸோடு ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று வீட்டில் இருந்தது. நான் இருந்த அந்தச் சில வாரங்களில் ஒரு நாள் அதைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “டெக்சாஸ்ல பெரிய பெரிய ரைபிள் எல்லாம் இருக்குதாமா கண்ணு. கீழ ஒரு வளையம் இருக்கும், அதக் கையில முன்னால தள்ளி இழுத்தா அடுத்த தோட்டா உள்ள போயிரும். அதுல ஒருக்கா சுட்டுப் பாக்கோணும்.”

என்னிடம் அவர் கேட்ட ஒரே பொருள் அதுதான். கேட்டதுகூட இல்லை, சொன்னார். மற்றவர்கள் வீட்டில் கேமரா, வாட்ச் என்று பட்டியல் போடுவார்கள். இவர் இப்படி.

திரும்பி வந்ததும் பெவர்லியிடம் சொன்னேன். பெவர்லி என்னோடு வேலை பார்த்தவள், என் வயசுதான், மான் வேட்டைக்குப் போகிறவள். விவாகரத்தானவள் என்பதால் புருஷனுக்காகக் காத்திருப்பதைப் பற்றி அவளுக்குச் சில அபிப்பிராயங்கள் இருந்தன. அவற்றை அவள் எனக்குச் சொல்லாமல் விட்டதே இல்லை. ஆனாலும் துப்பாக்கிச் சந்தைக்குக் கூட்டிப் போனாள். அங்கே அவர் சொன்ன மாதிரியே, கீழே வளையம் வைத்த, சுண்டுவிரல் நுனி நுழையும் குழலோடு ஒரு பழைய ரைபிளை வாங்கினேன். என் அலமாரியில், அவருக்காக வாங்கி வைத்திருந்த குளிர் கோட்டுக்குப் பின்னால் நிறுத்தி வைத்தேன்.

அவர் வரும்போது கையில் கொடுக்க வேண்டும், அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். எனக்கு வேறு ஆசையே இல்லை.

கொஞ்ச நாளில் போனில் சேதி வந்தது. சந்தையிலிருந்து வரும்போது பைக் சறுக்கித் தோளெலும்பு முறிந்துவிட்டதாம். கட்டுப் போட்டிருக்கிறதாம். “இனித் துப்பாக்கியத் தொடாதீங்கன்னுட்டார் டாக்டரு” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எந்தத் தோள் என்று நான் கேட்பதற்குள் அத்தை போனை வாங்கி மழை இல்லாததைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

அன்றைக்குக் குளியலறையில் உட்கார்ந்து அழுதேன். சட்டை போட ஒரு ஆள் வேண்டுமே, தலைக்கு ஊற்ற ஒரு ஆள் வேண்டுமே என்று. ரைபிளுக்காகவும் அழுதேன், பொய் சொல்வானேன்.

பெவர்லியின் கராஜ்

கடையில் விற்கிற தோட்டாவை அந்த ரைபிளில் போட்டு ஒருமுறை சுட்டுப் பார்த்திருந்தேன். கழுதை உதைத்தால் அப்படித்தான் இருக்கும். உடைந்து சேர்ந்த தோளில் அதை வைக்க முடியாது. விற்றுவிடலாம் என்று பெவர்லியிடம் சொன்னேன்.

அவள் கேட்டதும் திட்டினாள். கடைத் தோட்டா பெரிய மிருகத்தைச் சாய்ப்பதற்குச் செய்தது, நீ சாய்க்கப் போவது காகிதத்தை, உன் ஆளுக்கு ஏற்ற தோட்டாவை நாமே செய்தால் போயிற்று என்றாள். குண்டை ஈயத்தில் வார்த்து, கொஞ்சமாக மருந்து போட்டால் அதே ரைபிள் அடக்கமாகப் பேசுமாம். மருந்து என்றால் வெடிமருந்து. எங்கள் தொழில் மருந்து வேறு.

சனிக்கிழமைகளில் அவள் கராஜுக்குப் போக ஆரம்பித்தேன். கதவைத் தூக்கிவிட்டு, மின்விசிறியைப் பின்னால் வைத்துவிட்டு, டயர் கடையிலிருந்து வாங்கிய, சக்கரத்தில் எடைக்கு மாட்டும் பழைய ஈயத் துண்டுகளை உருக்குவோம். ஈயம் இளகும்போது மேலே ஆடை படியும், அதை வழித்துப் போட்டால் கீழே கண்ணாடி மாதிரி பளபளக்கும். அச்சில் ஊற்றித் தட்டினால் குண்டு விழும். ஆறியதும் அதன் வரிப்பள்ளங்களில் தேன்மெழுகு தடவ வேண்டும். வீட்டுக்கு வந்து எத்தனை தேய்த்துக் குளித்தாலும் அந்த மெழுகு வாசனை கூந்தலில் இருக்கும். எனக்குப் பிடித்திருந்தது.

நிறுக்கும் வேலை எனக்குக் கைவந்தது. மருந்துக் கடைகளில் பழைய காலத்து அளவு ஒன்று உண்டு, கிரெயின் என்று. அதே கிரெயினில்தான் வெடிமருந்தையும் நிறுக்கிறார்கள். தராசின் முள் நடுவில் நிற்கும் வரை நான் மூச்சு விட மாட்டேன். பெவர்லிக்குச் சிரிப்பு வரும்.

எதைப் போடுவது

நிறுப்பது பெரிதில்லை. எதை நிறுப்பது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை.

முதலில் கசகசா மாதிரி உருண்டையான மருந்து ஒன்றைப் போட்டோம். மெதுவாக எரிகிற சாதி. தோட்டாவின் பித்தளைக் கூடு நிறையப் போட்டால்தான் ஒழுங்காக எரியும், நிறையப் போட்டால் உதைக்கும். குறைத்தால் பாதி எரியாமல் குழலுக்குள்ளேயே தங்கும். குண்டு வேகமாகப் போனால் ஈயம் குழலில் ஒட்டிக்கொண்டு, அதைத் தேய்த்து எடுக்க அரை நாள் ஆகும். கொலு வீட்டில் ஆன்ட்டி பார்த்த காயம் இந்த மருந்தின் புண்ணியம்தான்.

இரண்டாவது, தேயிலைத் தூள் மாதிரி தட்டைத் தட்டையாக இருந்தது. சட்டென்று எரியும். துளி போட்டால் போதும், உதையே இல்லை. எனக்கு அதுவே போதும் என்று தோன்றியது. பெவர்லி ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பெரிய கூட்டில் துளி மருந்து அடியில் கிடப்பது தெரியாது. கவனம் பிசகி இன்னொரு தடவை அதிலேயே போட்டுவிட்டால் அப்போதும் தெரியாது. குழல் வெடித்துவிடும்.

நான் கவனம் பிசக மாட்டேன் என்றேன். இத்தனை வருஷம் ஆஸ்பத்திரியில் ஒரு அளவு தப்பாகக் கொடுத்ததில்லை என்றேன். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். “நீ இந்த மேஜையில் உட்கார்ந்துகொண்டு அவரை நினைக்கிறாய், மல்லிகா. உன் முகத்திலேயே தெரிகிறது” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. உண்மை அதுதான். கூட்டில் மருந்தைக் கொட்டும்போதெல்லாம் நான் அந்தத் தோளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எந்தத் தோள் என்றுகூட எனக்குத் தெரியாது. துப்பாக்கி வைக்கிற பக்கம்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவர் தோளில் மச்சம் ஏதாவது உண்டா? தூங்கும்போது எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார்? யோசித்தால் ஞாபகம் வரவில்லை. எந்த மருந்து எவ்வளவு வேகத்தில் எரியும் என்று கேட்டால் ஒப்பிப்பேன். கட்டின புருஷனின் உடம்பு எனக்குத் தெரியாது.

மூன்றாவதாக ஒன்று கிடைத்தது. சேமியாவைப் பொடியாக நறுக்கியது போல இருக்கும். எடை குறைவு, ஆனால் உப்பலாக இருப்பதால் கூட்டில் பாதிக்கு மேல் நிற்கும். தவறி இரண்டு தடவை போட்டால் வழிந்து மேஜையில் கொட்டும், நம்மையே காட்டிக்கொடுத்துவிடும். மட்டான வேகம். ஈயம் ஒட்டவில்லை. பெவர்லிக்குத் திருப்தி.

அதிலும் கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து, சுட்டுப் பழகும் ரேஞ்சில் என் தோளிலேயே வைத்துச் சுட்டுப் பார்த்தேன். பனியன் மட்டும் போட்டுக்கொண்டு சுடுவேன், தடித்த சட்டை போட்டால் சரியாகத் தெரியாது என்று. எனக்கு லேசாக வலித்தால் அவருக்கு நன்றாக வலிக்கும் என்று கணக்கு. என் தோளுக்கு ஒன்றுமே தெரியாத அளவு வந்ததும் அதோடு நிறுத்தினேன். அந்த அளவில் ஒரு பெட்டி செய்து, மூடி ஒட்டி, ரைபிளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

சனிக்கிழமை போன்

சனிக்கிழமை காலையில், அங்கே சாயங்காலம், போன் கார்டில் அவரைக் கூப்பிடுவது வழக்கம். அவர் வீட்டுப் போன் நடு ஹாலில் இருந்தது. அத்தை, மாமா, சில சமயம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்று எல்லோரும் சுற்றி இருப்பார்கள். சாப்பிட்டாச்சுங்களா, மழை வந்ததுங்களா, மஞ்சள் என்ன விலை. புருஷன் பொண்டாட்டி பேசுகிற பேச்சா அது? ரேடியோவில் விவசாயச் செய்தி கேட்கிற மாதிரி இருக்கும்.

கொலு முடிந்து சில வாரம் கழித்து ஒரு நாள் அவர் குரல் தணிந்திருந்தது. ஹாலில் யாரும் இல்லை போல.

“கண்ணு, உந்தோள்ல என்னவோ காயம்னு சொன்னாங்க?”

சாந்தா ஆன்ட்டியின் தங்கை அந்தியூருக்குப் பக்கத்தில், ஈரோட்டில் இருப்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆஸ்பத்திரியில் அலமாரி இடித்துவிட்டது என்றேன். அடுத்து என்ன கேட்பாரோ என்று காத்திருந்தேன்.

“எண்ணெ கிண்ணெ போட்டியா? யாராச்சும் தேச்சு உட்டாங்களா?” என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். யார் என்ன சொல்லி அவர் காதில் போட்டார்களோ, அதையெல்லாம் விட்டுவிட்டு இதைக் கேட்டார். உங்கள் தோள் எப்படி இருக்கிறது என்று கேட்க வாய் திறந்தேன். கேட்டால் அழுதுவிடுவேன், அழுதால் அவர் பயந்துவிடுவார். “தேச்சுக்கிட்டேனுங்க” என்றேன். கார்டில் நிமிஷம் தீர்ந்து போனது.

வந்தார்

ஒருவழியாக ஹூஸ்டனில் ஒரு பெரிய மண்டபத்தில், எந்தெந்த நாட்டுக்காரர்களோடோ நின்று, கையை உயர்த்தி உறுதிமொழி சொல்லிக் குடியுரிமை வாங்கினேன். அதற்குப் பிறகும் சில மாதங்கள் இழுத்தடித்து, அவருக்கு விசா கொடுத்தார்கள்.

விமான நிலையத்தில் அவரைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது. முன்னந்தலையில் வழுக்கை ஏறியிருந்தது. உடம்பு இறுகியிருந்தது. கையில் பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர், அதைத் தள்ளுவண்டியில் வைக்காமல் என்னைப் பார்த்தபடியே நின்றார். “எளச்சுட்டயே” என்றார்.

வந்த முதல் சனிக்கிழமை, எங்கே போகிறோம் என்று சொல்லாமல் ரேஞ்சுக்குக் கூட்டிப் போனேன். பெவர்லியும் வந்திருந்தாள். ரைபிளை உறையிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தேன்.

நான் இத்தனை நாளாகப் பார்க்க ஆசைப்பட்ட முகத்தைப் பார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை. வளையத்தை முன்னால் தள்ளி இழுத்துப் பார்த்தார், அந்தச் சத்தத்துக்கே சிரித்தார். பெட்டியைத் திறந்து தோட்டாவை எடுத்துக் கொடுத்தேன். நிதானமாகக் கட்டையைத் தோளில் பதித்து, குறி பார்த்துச் சுட்டார். காகிதத்தில் நட்ட நடுவில் விழுந்தது.

திரும்பி ரைபிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“என்ன கண்ணு, இத்தச்சோடு பெரிய ரைபிளு, உதைக்கவே இல்ல?”

“உங்க தோளுக்குன்னு நாந்தானுங்க செஞ்சேன்” என்றேன்.

“எந்தத் தோளு?” என்றார்.

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. கொஞ்சம் யோசித்தார்.

“அட, பைக்கில விழுந்தனே, அதுவா? அது ஆறி எத்தன நாளாச்சு. இப்ப மூட்டை தூக்கறேன், பன்னிக்கு மறுபடி காவல் போறேன். உங்கிட்டச் சொல்லலையா நானு?”

“சொல்லலீங்க.”

சொல்ல அவருக்கு என்ன இருந்தது? வலி போனதை யாராவது போனில் சொல்வார்களா? அது பாட்டுக்கு ஒரு நாள் போயிருக்கும், அடுத்த நாள் மறந்திருப்பார். நான்தான் இங்கே ஒரு கராஜில் உட்கார்ந்து, ஆறிப்போன தோளுக்கு வாரா வாரம் மருந்து நிறுத்திருக்கிறேன்.

அவர் நன்றாக இருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்த நேரத்தில் சந்தோஷம் வரவில்லை. கட்டுப் போட்டுப் படுத்திருந்த மனிதர் ஒருவர் இருந்தார். அவரைத்தான் நான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவரை நான் பார்க்கவே இல்லை, இனிமேல் பார்க்கவும் முடியாது.

“அப்பச் சட்டை யாருங்க மாட்டி உட்டாங்க?” என்று கேட்டேன். எத்தனையோ சனிக்கிழமை கேட்க நினைத்தது, அங்கே வந்து வாயில் விழுந்தது.

“யாரு மாட்டுவா? மொதல் வாரம் அம்மா. அப்பறம் ஒத்தக் கையிலயே போட்டுப் பழகிட்டேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. பெவர்லி தன் காகிதத்தைப் பார்க்கிற சாக்கில் தள்ளிப் போய்விட்டாள். இவர் பக்கத்தில்தான் நின்றார், கை நீட்டினால் தொடலாம். எனக்கு அப்போதுதான் அவரைப் பார்க்க வேண்டும் போல ஏக்கம் பொங்கிக்கொண்டு வந்தது. அவர் ஊரில் இருந்தபோதுகூட அப்படி வந்ததில்லை.

அவர் சமாதானம் சொல்லவில்லை. பெட்டியிலிருந்து அடுத்த தோட்டாவை எடுத்து விரலால் உருட்டிப் பார்த்தார். மெழுகை முகர்ந்து பார்த்தார். உள்ளே போட்டுச் சுட்டார். பிறகு அடுத்தது. அவசரமே இல்லாமல் பெட்டி முழுவதையும் சுட்டுத் தீர்த்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கீழே விழுந்த பித்தளைக் கூடுகளைச் சூட்டோடு பொறுக்கினேன்.

“அடுத்த வாரத்துக்கும் செஞ்சு வையி” என்றார்.

“தோளுதான் நல்லாயிருச்சுல்லீங்க. மருந்தக் கூட்டிப் போட்டுக்கலாமுங்களா?” என்றேன்.

“வேண்டாம்” என்றார். “இதே அளவு போடு.”